சாப்பாட்டு நேரத்து ஈக்கள்

எங்கள் மலைக்கிராமமான நாண்ட்கோக்கில் டிராக்டர் டயர் வெடித்தால் நெரிஸ் பிராபர்ட்டைத்தான் கூப்பிட வேண்டும். ஆள் குள்ளம். ஆனால் டயர் விளிம்பில் கடப்பாரையைக் கொடுத்து அவள் ஒரு மிதி மிதித்தால், அரை நாளாக நாலு பேர் முக்கியும் அசையாத டயர் சக்கரத்தை விட்டுக் கழன்று வந்துவிடும். குரலும் கைக்குச் சளைத்ததல்ல. கடைக்குள் நின்று அவள் பேசுவது பாலத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவனுக்குக் கேட்கும். ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் ஊரில் எல்லோரும் நெரிஸை விட்டுவிட்டு வேறு ஆளைத்தான் தேடுவார்கள்.

அவளுடைய கல்யாணமே ஆற்றில் போட்ட சண்டையில் ஆரம்பித்ததுதான். எங்கள் ஆற்றில் ஒரு மடுவில் ஒருவர் இறங்கி நின்றால், இன்னொருவர் கேட்காமல் அதில் கால் வைக்கக் கூடாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் எம்லின் பிராபர்ட் அப்போது இளவட்டம், அவசரக் குடுக்கை. நெரிஸ் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மடுவில், அவளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கிவிட்டான். அவள் குனிந்து ஒரு நல்ல கல்லாகப் பொறுக்கி, அவனுடைய தூண்டிலில் இரையாகக் கட்டிய இறகு ஈ மிதந்துகொண்டிருந்த இடத்திலேயே குறி பார்த்து எறிந்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் மீன் இல்லை. அடுத்த வருஷம் தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள்.

இருவரில் யார் கை தேர்ந்த கை என்று கேட்டால் எம்லினே மனைவியைத்தான் காட்டுவான். ஆனாலும் ஈஸ்டர் திங்களன்று கீழாற்றுச் சங்கத்தோடு நடக்கும் போட்டிக்கு எங்கள் சங்கம் அனுப்பும் நாலு பேரில் எம்லின் பல வருஷமாக இருந்தான். நெரிஸ் ஒரு தடவைகூட இருந்ததில்லை. அதற்குக் காரணம் கவுல் என்கிற ஆட்டுக்கறி சூப்.

அந்த நாலு பேரைத் தேர்ந்தெடுப்பது மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. அன்று சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஆற்றில் இறங்குவார்கள். யாரும் மீனைக் கொல்வதில்லை. பிடித்த டிரவுட் மீனை ஈரக் கையால் எடுத்து, ஆற்றில் நடக்கும்போது ஊன்றும் கோலில் வெட்டியிருக்கும் அங்குலக் குறிகளோடு வைத்து, இன்னொரு உறுப்பினர் கண்ணால் பார்த்த பிறகு திரும்ப விட்டுவிட வேண்டும். யாரும் பார்க்காத மீன் கணக்கில் சேராது. பார்த்தவர் கரையில் இருக்கும் சங்கக் குடிசைக்கு வந்து, அணிக் கேப்டனிடம் நீளத்தைச் சொல்வார். யார் யாருடைய மீன் நீளமோ அந்த நாலு பேர் அணி.

இதில் சிக்கல் என்னவென்றால், அன்று நடுப்பகலில் மணி அடித்தால் ஆற்றில் ஒரு ஆள் மிஞ்ச மாட்டார்கள். காலையிலிருந்து பனி உருகி வந்த தண்ணீரில் நின்று தொடைக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே சந்தேகப்படுகிற ஜனங்கள். குடிசையிலிருந்து ஆட்டுக்கறியும் லீக் வெங்காயத்தாளும் கிழங்கும் சேர்ந்து கொதிக்கிற வாசனை வரும்போது தூண்டில் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வருவார்கள். நெருப்பைப் பார்த்து உட்கார்ந்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தொட்டுக்கொண்டு, இரண்டு கிண்ணம் மூன்று கிண்ணம் என்று உள்ளே தள்ளுவார்கள். அப்புறம் பாட்டு. பாட்டு முடிந்து ஏப்பம் விட்டுக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பி, "இந்த வருஷமும் மார்ச் பழுப்பு வரலப்பா" என்று வானத்தைக் குறை சொல்வார்கள்.

மார்ச் பழுப்பு என்பது ஒரு ஈ. வசந்தத்தின் முதல் பெரிய ஈ. ஆற்றடிக் கற்களுக்கு நடுவே புழுவாகக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, நாளிலேயே கொஞ்சம் சூடான நேரம் பார்த்துக் கூட்டமாக மேலே வந்து சிறகு விரிக்கும். அந்த நேரம் நடுப்பகல். சரியாகக் கவுல் நேரம். இது அங்கே சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் நெருப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். குடிசையில் ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான். அது சமையல் அடுப்புக்கு மேலே, இவர்கள் குளிர்காயும் நெருப்புக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. இருபது வருஷமாக அந்த அடுப்பில் கவுல் கிண்டியவள் நெரிஸ். ஒவ்வொரு வருஷமும் இவர்கள் முதுகுக்குப் பின்னால் ஈ வந்து, மீன்கள் கொண்டாடி, எல்லாம் அடங்குவதைக் கரண்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை வேனில் போகும்போது அவள் சொன்னாள்.

"இன்னைக்கு நான் சாப்பிடல."

"ஏன், வயிறு சரியில்லையா?" என்றான் எம்லின்.

"வயிறு கல்லு மாதிரி இருக்கு. மணியடிச்சதும் ஆத்துல எறங்கப் போறேன்."

எம்லின் சிரித்தான். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றது. "நீ எறங்கினா புடிச்சிடுவ."

"புடிக்கத்தான் எறங்குறேன்."

"நீ உள்ள வந்தா ஒருத்தன் வெளிய போகணும். நாலாவது ஆளு யாருன்னு தெரியும்ல?"

"தெரியும். என் பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டிட்டிருக்கான்."

எம்லின் கியர் மாற்றினான். மாற்றத் தேவையில்லாத இடம் அது.

குடிசை வாசலில் கேப்டன் ஹவெல் பிராசர் நின்றிருந்தார். மேல்மலையில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறவர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய அபிப்பிராயங்கள். நெரிஸ் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"கேப்டன், மணியடிச்சா எல்லாரும் சாப்பிட்டே ஆகணும்னு சங்கத்துல சட்டம் எதுவும் இருக்கா?"

"சட்டமா? உன் கவுல வேண்டாங்கிற பைத்தியம் யாரு இருக்கா, அம்மணி? இருந்தா அவன் போய்க் குளிர்ல சாகட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். லாரி ஓட்டுகிற டெல்வின்தான் அதிகம் சிரித்தான். நெரிஸும் சிரித்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

காலை அப்படியே போனது. இரவெல்லாம் உறைபனி, மலை உச்சியில் இன்னும் வெள்ளை. தண்ணீர் கண்ணாடியாக ஓடியது, தொட்டால் கடித்தது. அந்த மாதிரித் தண்ணீரில் டிரவுட் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மாதிரி. தட்டை வாய்க்கு நேரே கொண்டுபோனால்தான் தின்னும். எட்டு மணிக்கே இறங்கி அலைவது உடம்புக்குக் கேடு, மீனுக்குச் சிரிப்பு. ஆனாலும் எங்கள் ஆட்கள் வசந்தத்தின் முதல் நாள் என்றால் விடியலிலேயே இறங்காமல் இருக்க மாட்டார்கள். எம்லினுக்கு மட்டும் நிதானம் இருந்தது. கனமான உலோக மணி கோத்த ஈயை, வளைவின் உட்பக்கம் தண்ணீர் சோம்பி நகரும் இடத்தில் அடிமட்டம் தொட உருட்டி உருட்டி, ஒரு மீன் எடுத்தான். பதிமூன்று அங்குலம். டெல்வின் பார்த்துச் சொன்னான். கேப்டனுக்குப் பதினைந்து, டெல்வினுக்குப் பதினாலு, கேப்டனின் தம்பிக்கும் பதினாலு. எம்லின் நாலாவது.

நெரிஸ் குடிசையில் கிழங்கு நறுக்கினாள். கால் இரண்டும் சூடாக இருந்தன. நடுநடுவே கரைக்குப் போய்க் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை விட்டபோது காற்று விழுந்திருந்தது, வெயில் கற்கள் மேல் வந்திருந்தது, தண்ணீரின் கடி கொஞ்சம் குறைந்திருந்தது. திரும்பி வந்து கொதிக்கிற பாத்திரத்தைப் பார்த்தாள். வெந்துவிட்டது. மணியை அடித்தாள்.

எல்லோரும் வந்தார்கள். நொண்டிக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் வந்து, நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நெரிஸ் கரண்டியை டெல்வின் கையில் திணித்தாள்.

"நீ ஊத்து."

"நானா? நீ எங்க போற?"

"குளிர்ல சாகப் போறேன்" என்றாள். சுவரில் சாய்த்திருந்த தூண்டில் கோல்களில் தன்னுடையதை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பின்னால் பெரிய சிரிப்புச் சத்தம். எம்லின் சிரித்தானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு முழுக்க அவளுக்கு. மேலே பாலம் வரை, கீழே வளைவு வரை ஒரு ஆள் இல்லை. இருபது வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்த தண்ணீர் இப்போது முழங்காலை அழுத்திக்கொண்டு ஓடியது. அவளுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஆனால் ஈ வரவில்லை. நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். குடிசைப் புகைபோக்கியில் புகை நேராக ஏறியது. இன்றைக்குப் பார்த்து வராமல் போனால் அடுத்த வருஷம் வரை டெல்வின் வாயை அடைக்க முடியாதே என்று நினைத்தாள். அப்புறம் ஒன்று வந்தது. பாய்மரம் தூக்கின மாதிரி சிறகை நிமிர்த்திக்கொண்டு பழுப்பாக ஒரு ஈ மிதந்து போனது. பின்னால் மூன்று. பின்னால் எண்ண முடியவில்லை. பரல்கள் மேல் சலசலத்து ஓடும் தண்ணீர் மடுவில் விழும் இடத்தில் மீன்கள் புரளத் தொடங்கின.

இந்த இடத்தில்தான் அனுபவசாலிகளே கோட்டை விடுவார்கள். மேலே மிதக்கிற ஈயைப் பார்த்ததும் கை பரபரத்து, மிதக்கிற மாதிரி கட்டிய ஈயைப் போடுவார்கள். மீன் அதைத் தொடாது. நெரிஸ் ஈயைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தாள். மூக்கு வெளியே வரவில்லை. முதுகு மட்டும் புரண்டது. அப்படியென்றால் மேலே வந்துகொண்டிருக்கிற, இன்னும் சிறகு விரியாததைத்தான் தண்ணீருக்கு ஒரு விரல் கீழே தின்கின்றன. முயல் முடி உடம்பும் கவுதாரி இறகும் வைத்து அவள் கட்டிய ஈ தண்ணீரில் அமிழும். அதைக் குறுக்காகக் கொஞ்சம் மேலே எறிந்து, தங்கூசி நூலை இழுக்காமல் தளரவிட்டு, மீன் இருக்கும் இடம் நெருங்கும்போது கோலின் நுனியை மெல்லத் தூக்கினாள். ஈ அடியிலிருந்து எழும்பி வருவது போல வந்தது. கோல் வளைந்தது.

நல்ல மீன். கைவலையில் விழுந்தபோது எப்படியும் பதினாலுக்குக் குறையாது என்று தெரிந்தது. பார்க்க ஆள் வேண்டும்.

"எலே! யாராச்சும் வாங்க!" என்று கத்தினாள். பாலம் வரை கேட்கிற குரல். ஆனால் குடிசைக்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர் ஆண்கள் வயிறு நிறைந்து பாடினால் கூரை ஓடு அதிரும். அடிக்குரல்காரர்கள் மட்டும் ஐந்து பேர். இன்னொரு தடவை கத்தினாள். உள்ளே அடுத்த சரணம் தொடங்கியது. மீனைத் தூக்கிக்கொண்டு குடிசைக்கு ஓடினால் அது செத்துப்போகும். வலையைத் தண்ணீரில் சாய்த்து விட்டுவிட்டாள். அது போன திசையைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அடுத்த வீச்சுக்குள் ஈ நின்றுவிட்டது. யாரோ குழாயை மூடின மாதிரி. தண்ணீர் வெறுமையாக ஓடியது.

அப்போதுதான் எம்லின் வந்தான். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் ஆவி பறக்கும் கிண்ணம்.

"ஆறிப்போயிடும்னு எடுத்துட்டு வந்தேன். ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு. பதினாலு இருக்கும். பாக்க நாதியில்ல. விட்டுட்டேன்."

எம்லின் காலியான தண்ணீரைப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. அதோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. நெரிஸ் இரண்டையும் பார்த்துவிட்டாள். "சரி, முடிஞ்சுது. வா கண்ணு, உள்ள போலாம்."

"முடியல. மார்ச் பழுப்பு ஒரே மூச்சா வராது. ஒரு கூட்டம் வரும், நிக்கும், இன்னொண்ணு வரும். நான் இருபது வருஷமா ஜன்னல்ல பாத்துட்டிருக்கேன். நில்லு."

நின்றான். கரையோரம் கணுக்கால் தண்ணீரில், கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றான். கொஞ்ச நேரத்தில் மேலே பரலில் ஒன்று மிதந்தது. அப்புறம் பத்து. அப்புறம் தண்ணீரே பழுப்பானது. எம்லின் இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"போய் உன் தூண்டில் கோல எடுத்துட்டு வா" என்றாள் நெரிஸ். "இந்தத் தடவ நானே சொல்றேன். எனக்குக் கீழ எறங்கிக்கோ."

அவன் குடிசைப் பக்கம் பார்த்தான். கோல் அங்கே சுவரில் சாய்ந்திருந்தது. ஓடிப்போய் எடுத்து வரலாம். வந்து பதிமூன்றைப் பதினைந்தாக்கலாம். அணியில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

"நான் போயிட்டா உன் மீன யாரு பாக்குறது?" என்றான்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று குரலை அடக்கினாள். "அசையாத. காலத் தூக்காத."

"என்ன?"

"உன் காலுக்குப் பக்கத்துல. அந்த வேர் ஓரத்துல."

வசந்தத்தில் நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பை எம்லினும் செய்திருந்தான். மீன் நடு ஆற்றில் இருக்கும் என்று நினைத்து, கரையோரத்துத் தேங்கிய தண்ணீரை மிதித்துக்கொண்டு நிற்பது. குளிர்ந்த தண்ணீரில் பெரிய மீன் ஓட்டத்தோடு மல்லுக்கட்டாது. ஓரத்தில் ஒதுங்கி, வருவதைத் தின்னும். அவனுடைய ரப்பர் பூட்ஸிலிருந்து ஒரு முழத்தில், வேருக்கடியில், ஒரு முதுகு மெதுவாகப் புரண்டு மறைந்தது.

எம்லின் மரமாக நின்றான். கவுல் கிண்ணம் விரலைச் சுட்டது. கீழே வைக்கவும் வழியில்லை.

"நெரிஸ், கை சுடுது."

"சுடட்டும்."

"ஈயக் கொண்டாந்து என் கால்ல மாட்டிடாதடி."

"மாட்டினா உன்னையும் அளந்துடுவோம். மூச்சு விடாத."

அவள் எறிந்தாள். அவன் பூட்ஸுக்கும் வேருக்கும் நடுவே ஈ விழுந்தது. தங்கூசி சுருண்டு தளர்ந்து கிடந்தது. ஈ அமிழ்ந்து வேரை நெருங்கியபோது கோலின் நுனியை ஒரு விரல் தூக்கினாள். தண்ணீர் வீங்கியது. அவ்வளவுதான், கோல் கீழே இழுத்தது, மீன் எம்லினின் கால் இடுக்கு வழியாகப் புகுந்து ஆற்றுக்குள் ஓடியது. "காலத் தூக்கு!" என்று இப்போது நிஜமாகவே கத்தினாள். அவன் ஒற்றைக் காலில் நின்று நூலைத் தாண்டினான். பாதிக் கவுல் ஆற்றில் போனது. கிண்ணம் போகவில்லை.

ஒருவழியாக வலையில் விழுந்தது. நீளத்தைவிட அகலம் அதிகம் போலக் கொழுத்த மீன். எம்லின் கையை நனைத்துக்கொண்டு, ஊன்றுகோலைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து அளந்தான். குனிந்து பார்த்தான். மறுபடி ஒரு தடவை பார்த்தான். மீனை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துச் செவுள் அசைய வைத்துவிட்டு, விட்டான்.

"எவ்வளவு?" என்றாள் நெரிஸ்.

"உள்ள வந்து கேப்டன்கிட்ட சொல்றேன். அதுதானே முறை."

அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான், ஆனால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். கொழுத்த மீன் கண்ணை ஏமாற்றும். பன்னிரண்டரை இருக்கலாம், பதிமூன்று இருக்கலாம். அளந்தது அவன், பார்த்தது அவன், மீன் போய்விட்டது. அவன் என்ன சொன்னாலும் அதுதான் நீளம். குடிசை வரை ஏறுகிற அந்தச் சின்னத் தூரத்தில், கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக, கணவன் என்ன நினைக்கிறான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

உள்ளே பாட்டு நின்றது. டெல்வின் கரண்டியை ஆட்டினான். "செத்துட்டாளா, உசிரோட இருக்காளா?"

"நெரிஸுக்கு ஒரு மீன்" என்றான் எம்லின். "நான் பாத்தேன். பதிமூணரை."

நெரிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. கேப்டன் மீசையைத் தடவினார்.

"பதிமூணரையா? பொண்டாட்டி மீனுக்குப் புருஷன் சாட்சியா? இது எந்த ஊர் நியாயம்ப்பா? அரை அங்குலத்துல ஆளே மாறுதே."

"மாறுதுதான் கேப்டன். யாரு எடம் மாறுது?" எம்லினின் குரல் தணிவாகத்தான் வந்தது; ஆனால் நெருப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த கடைசி ஆள் வரை திரும்பிப் பார்த்தார்கள். "என் எடம். பொய் சொல்றதா இருந்தா அரை அங்குலம் கொறைச்சுச் சொல்லியிருப்பேன். கூட்டி எதுக்குச் சொல்றேன்?"

 கேப்டன் மீசையிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் கையை நீட்டினார். எம்லினைத் தாண்டி நெரிஸிடம்.

"ஈஸ்டர் திங்கள். காலைல ஏழு மணி. லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன், அம்மணி."

"ஏழு மணிக்கு எதுக்கு கேப்டன்? மீன் பதினோரு மணி வரைக்கும் தூங்கும்" என்றாள் நெரிஸ். அதற்குள் டெல்வினுக்கு மண்டையில் உறைத்துவிட்டது. "அப்ப ஈ வந்துச்சா?" என்று கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தான். எல்லோரும் கோலுக்கு முட்டிமோதிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

குடிசையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். எம்லின் பாத்திரத்தின் அடியை வழித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தான். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"வலிக்குதா?" என்றாள்.

"விரலா?"

"விரல் இல்ல."

"ஆமா. வலிக்குது" என்றான். "ஈஸ்டர் அன்னைக்குக் கரையில நின்னு பாக்கணும்ல. வலிக்காம இருக்குமா?"

நெரிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது தன்னைத் தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். அது அவளுக்குக் கைவந்த கலை. தடுக்க முடிந்தவன் தடுக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். டயர் கழற்றுகிற பிடி.

"அடுத்த வருஷம் உன் எடத்த நீயே புடிச்சுக்கோ எம்லின். நான் விட்டுத் தரமாட்டேன்."

"விட்டுத் தா பாப்போம்" என்றான் எம்லின். "அன்னைக்கே உன்ன விட்டுட்டுப் போயிடுவேன்."